நீங்க எந்த ஊர்?

கனடாவில் ஸ்காபரோவில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரி, வக்கீல் அலுவலகம், நீதிமன்றம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய், ஒருவர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வேன். உள்ளே நுழைந்ததும் எதிரே இருப்பவர் நோயைப் பற்றிப் பேசமாட்டார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நீங்க எந்த ஊர்?"

"இரத்தினபுரி."

கலியாண வீடுகளில் இந்தப் பதிலுக்கு இன்றைக்கும் ஒரு முகச்சுளிப்பு உண்டு. தோட்டக்காட்டு ஆள் என்று மனசுக்குள் கோடு கிழித்துவிடுவார்கள். நான் மொழிபெயர்க்கப் போகிற சின்ன அறைக்குள் மட்டும் கதை வேறு. ஒருநாள் முழங்கை கன்றிப்போய் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். போன தடவை வந்த மொழிபெயர்ப்பாளர் அவருடைய மாமியாரின் ஊராம். அன்றைக்கு "படியில விழுந்திட்டன்" என்று சொல்லி முடித்துக்கொண்டிருக்கிறார்.

"இரத்தினபுரியோ? அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லைதானே" என்றார். அதற்குப் பிறகுதான் நடந்ததைச் சொல்ல வாய் திறந்தார். (ஆளையும் இடத்தையும் மாற்றித்தான் எழுதுகிறேன். மாற்றினாலும் கண்டுபிடிக்க நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள்.)

இங்கே வீடு வாங்க, வரிக்கணக்கு முடிக்க, பல் பிடுங்க, எல்லாவற்றுக்கும் தமிழ் ஆள் உண்டு. கோயில், ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் வேறு. ஆங்கிலம் பேசாமலே முப்பது வருசம் ஓட்டிவிடலாம். ஆனால் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லப் போனால், எதிரே இருப்பவர் யாராவது ஒருவருக்குச் சொந்தமாக இருப்பார்.

இது எனக்குப் பழகிய விசயம். இலங்கையில் இரத்தினபுரிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்தில் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம். பக்கத்துக் காம்பரா அக்காவை அவர் புருசன் அடிக்கிற ராத்திரிகளில் எங்களுக்கு முதலில் கேட்பது, பிள்ளைகள் பாயை இழுத்துக்கொண்டு வெளித் திண்ணையான இஸ்தோப்புக்கு ஓடுகிற சத்தம். அம்மா விளக்கைத் தணிப்பார். அப்பா இரண்டு தடவை இருமுவார். போதும், நிறுத்து என்று அதற்கு அர்த்தம். சில நாள் நிற்கும்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, வாளியோடு ரப்பர் பால் வெட்டப் போவார் அக்கா. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஒருமுறை தோட்டத் தலைவர் கூப்பிட்டுப் பேசினார். "வெளியில தெரிஞ்சா லயத்துக்கே அசிங்கம், பொறுத்துப் போ புள்ள." அவ்வளவுதான் பஞ்சாயத்து.

வெளியில் என்றால் எங்கே? பொலிசுக்கு நாலு மைல் நடக்க வேண்டும், அங்கே சிங்களத்தில் சொல்ல வேண்டும். 1948இல் குடியுரிமையைப் பறித்து, 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று பங்கு போட்ட சனம் நாங்கள். எந்த வாசலில் போய் நிற்பது?

1981 ஆகஸ்டில் சிங்களக் கும்பல்கள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் புகுந்து தமிழர்களை அடித்தார்கள், வீடுகளை எரித்தார்கள். எனக்குப் பத்து வயசு. லயமே எழுந்து ரப்பர் மரங்களுக்குள் ஓடியது. காய்ச்சலில் கிடந்த என் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அதே பக்கத்துக் காம்பரா மனுசன்தான். விடியும்வரை அட்டைக்கடியில் நின்றார், பிள்ளையைக் கீழே இறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அடித்தபோதெல்லாம் அப்பா இருமுவதையும் விட்டுவிட்டார்.

ஒற்றுமையான சனம் என்று யாராவது எங்களைப் புகழ்ந்தால் அந்த இருமல்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஒற்றுமை பொய்யில்லை. அதுதான் தம்பியைக் காப்பாற்றியது. அதன் செலவையெல்லாம் அக்காவின் கணக்கில் எழுதினோம்.

இலங்கையில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. அக்கா அதற்கு முன்பே இறந்துவிட்டார். மரணச் சங்கத்துக் காசில் பந்தலும் தப்பு மேளமும் குறைவில்லாமல் நடந்ததாக அம்மா போனில் சொன்னார்.

இங்கே இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். வந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் தெரிந்தவராக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேறு நகரத்திலிருந்து போனில் பேசுகிற ஆளைக் கேளுங்கள். புருசனையோ மகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். எங்களில் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டோம்.