ஓட்டிப் பார்க்காமல் வாங்கிய வண்டி

பழைய வண்டி வாங்கப் போறவங்களுக்கு எங்க பக்கம் எல்லாரும் சொல்ற புத்திமதி ஒண்ணுதான்: "ஓட்டிப் பார்த்து வாங்குடே." மாடு பிடிக்கிற காலத்துலருந்து வர்ற புத்தி அது. எங்கப்பா காலத்துல சந்தையில காளை பிடிக்கப் போனா வாயைத் திறந்து பல்லை எண்ணுவாங்க, சுழி பார்ப்பாங்க, நாலு எட்டு நடக்க விட்டுக் குளம்பைப் பார்ப்பாங்க. அதுக்குப் பிறகுதான் தரகர் துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவார். நானோ 2024 தை மாசத்துல, முந்நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல தள்ளி ஈரோட்டுல நின்ன ஒரு ஸ்பிளெண்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காம வாங்கினேன். ஊர்ல பாதிப் பேரு சிரிச்சாங்க. மீதிப் பேரு, "அண்ணாச்சி, எப்படி வாங்கினீய?"ன்னு கேட்டாங்க. கேட்டவங்களுக்காக எழுதுறேன்.

முதல்ல, ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டி வந்ததுன்னு சொல்லணும். 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளையும் தாமிரபரணிக் கரையில இருக்கிறவன் யாரும் மறக்க மாட்டான். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. மணிமுத்தாறு, பாபநாசத்துத் தண்ணியோட காட்டு வெள்ளமும் சேர்ந்து வந்துச்சு. குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு மூழ்கியிருக்குன்னு கேட்டு ஆத்துத் தண்ணியை அளக்கிற ஆளுங்க நாங்க. அந்தத் தடவை கேட்டுச் சொல்லக்கூட வழி இல்லை. கரண்டு இல்லை, போன் இல்லை, ரோடு இல்லை.

எங்க ஊர் மருதூர் அணைக்கட்டுப் பக்கம். பிசான நெல்லு தண்ணிக்குள்ள, வாழை மொத்தமும் தரையில. தொழுவுல நின்ன என் பழைய வண்டி ஹேண்டில்பார் முங்க ரெண்டு நாள் கிடந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் அதைக் கிக்கர் அடிச்சுப் பார்க்கணும்னுதான் எல்லாருக்கும் கை பரபரக்கும். அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி நின்னா பிஸ்டனுக்கு அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சு போகும். மெக்கானிக் வந்து எஞ்சின் ஆயிலைத் திறந்துவிட்டார். பால் ஊத்தின காப்பி மாதிரி வந்துச்சு. எஞ்சின் வேலைக்கும் வயரிங்குக்கும் சேர்த்து அவர் சொன்ன தொகை, வண்டி பெறும் விலைக்குச் சமமா இருந்துச்சு. எங்க ஊர்ல முக்கால்வாசி வண்டிக்கு மூணாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுந்தான். அது நம்ம வண்டியால அடுத்தவருக்கு வர்ற நஷ்டத்துக்கு. வெள்ளத்துல நம்ம வண்டி போனதுக்கு அதுல பத்துப் பைசா கிடையாது.

வயலு வீட்டுலருந்து நாலு கிலோமீட்டர். காலையில பால் ஊத்தணும், உர மூட்டை கொண்டு போகணும், மருந்து அடிக்கிற டேங்கைத் தூக்கணும். வண்டி இல்லாம ஒரு மாசம் ஓட்டிப் பார்த்தேன், முடியல. புது வண்டி அப்போ லட்சத்தைத் தொட்டுச்சு. அதோட 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்த பிறகு ஸ்பிளெண்டருக்குக் கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை எலெக்ட்ரானிக்ஸ்தான் பீய்ச்சுது. எங்க ஊர் மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை வெச்சுக்கிட்டு அரை மணி நேரத்துல சரி பண்ற வண்டிதான் எனக்குத் தோது. ஆக 2018, 2019 மாடல் பழசுதான் தேடினேன். பாளையங்கோட்டையிலயும் டவுன்லயும் கேட்டா, எல்லாரும் வண்டியைப் பறிகொடுத்துட்டுத் தேடுற நேரம், 42,000 பெறும் வண்டிக்கு 55,000 சொன்னாங்க. அதுலயும் எது முங்கின வண்டின்னு யாருக்குத் தெரியும்?

அதனால வெளியூர்ல தேடினேன். மெட்ராஸ்ல ஒரு கடையில 36,000-க்கு ஒரு வண்டி, போட்டோவுல கண்ணாடி மாதிரி மின்னுது. ஆனா டிசம்பர் 3, 4-ல மிக்ஜாம் புயல் மழையில வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எல்லாம் முங்கிக் கிடந்ததை நாமளும் டிவியில பார்த்தோம்லா? மூணு வாரம் முந்தித்தான் சொந்த வண்டியைக் கழுவினவன் நான். தண்ணி எங்க ஒளிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும். "தம்பி, வீடியோ காலில வாங்க, சீட்டைக் கழட்டிக் காட்டுங்க"ன்னேன்.

முங்கின வண்டிக்கு அடையாளம் இதுதான். பெயிண்டும் பாலீஷும் வெளியில. உள்ள, ஹெட்லைட் கண்ணாடிக்குப் பின்னால கீழ் விளிம்புல மெல்லிசா ஒரு வண்டல் கோடு நிக்கும். ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள்ள ஆவி படிஞ்ச கறை இருக்கும். சீட்டுக்கு அடியில வயர் சேர்ற இணைப்பைப் பிரிச்சா செம்புல பச்சை பூத்திருக்கும். சீட்டு ஸ்பாஞ்சை அமுக்கினா மண் வாடை வரும், ஆனா போன்ல வாடை வராது. அதனால பச்சையையும் வண்டலையும்தான் நம்பணும். அந்தப் பையன் ஹெட்லைட்கிட்ட கேமராவைக் கொண்டு போனதும் கோடு தெரிஞ்சுது. "அது தூசி சார்"ன்னான். தூசி எல்லாப் பக்கமும் படியும், மட்டம் பார்த்துப் படியாது. வேண்டாம்னுட்டேன். அந்த வண்டிக்கு பைனான்ஸ் பாக்கி வேற இருந்துச்சு, "என்.ஓ.சி. பிறகு வாங்கித் தர்றோம்"னான். அந்தப் "பிறகு" எத்தனையோ வீட்டுல இன்னும் வரல.

இன்னொருத்தர் ராணுவத்துல வேலை, மாற்றல் ஆயிடுச்சு, 18,000-க்கு வண்டியைத் தள்ளிவிடுறேன்னு யூனிபார்ம் போட்டோவோட மெசேஜ் அனுப்பினார். முதல்ல பார்சல் செலவு 3,000 மட்டும் போடணுமாம். இது நாடு முழுக்க நடந்த மோசடி, பேப்பர்ல பலமுறை வந்தாச்சு. வண்டி பக்கத்துல நின்னு வீடியோ காலில முகம் காட்டாத யாருக்கும் ஒத்தை ரூபா போடாதீங்க. போட்டுட்டா அழுதுகிட்டு உக்காராம உடனே 1930-க்கு அடிங்க. அது சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி நிறுத்த வழி இருக்கு.

அப்புறந்தான் ஈரோட்டுக் கடை. போனை எடுத்தவர், "சொல்லுங்ணா, எந்த ஊருங்?"ன்னு கேட்டார். நான் ஓட்டிப் பார்க்க வர முடியாத ஆளுன்னு முதல்லயே சொல்லிட்டேன். பஸ்ஸுக்கும் சோத்துக்கும் ரெண்டு நாளு வயல் வேலைக்கும் கணக்குப் போட்டா 2,500 ஆகும். போய் வண்டி பிடிக்கலன்னா அதுவும் போச்சு. "பரவால்லீங்ணா, என்ன வேணுமோ கேளுங்க, காட்டறேன்"ன்னார். மூணு நாள் கேட்டேன், மூணு நாளும் காட்டினார்.

கேட்டது இவ்வளவுதான். விடியக்காலை, எஞ்சின் தொட்டா குளிர்ந்து கிடக்கும்போது, முதல் உதையை வீடியோவுல பார்க்கணும். ஏற்கெனவே சூடாக்கி வெச்ச வண்டி எல்லாமே நல்ல வண்டிதான். சைலன்சர்ல நீலப் புகை தொடர்ந்து வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். மீட்டர் 31,000 காட்டுச்சு. மீட்டரை நம்பாம பிரேக் பெடல் ரப்பரையும் கால் வைக்கிற ரப்பரையும் பார்த்தேன், தேய்மானம் மீட்டரோட ஒத்துப் போச்சு. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும்; 2319-ன்னா 2019-ல 23-ஆவது வாரம் செஞ்சது. பின் டயர் மட்டும் பிறகு மாத்தினது, அவரும் அதை மறைக்கல. சேசிஸ் நம்பரை அவர் விரல் வைக்க வைக்க நான் ஆர்.சி. போட்டோவோட ஒத்துப் பார்த்தேன். அதுல பத்தாவது எழுத்து செஞ்ச வருஷம்: 'ஜே'ன்னா 2018, 'கே'ன்னா 2019.

காகிதத்துக்குத்தான் அதிக நேரம் ஆச்சு. எம்பரிவாகன் ஆப்புல நம்பரைப் போட்டா பதிவு செஞ்ச தேதி, இன்சூரன்ஸ் எது வரைக்கும், பைனான்ஸ் இருக்கா எல்லாம் வரும். அபராதப் பாக்கியும் பார்க்கலாம். பைனான்ஸ் அடைச்ச வண்டின்னா ஃபாரம் 35 கொடுத்து ஆர்.சி.யில அந்தப் பேரை எடுத்திருக்கணும். விக்கிறவர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் 29, ரெண்டு பேருக்கும் பொதுவான ஃபாரம் 30 வேணும். பாண்டிச்சேரி நம்பர் வண்டி விலை குறைவுன்னு போறவங்க, ஃபாரம் 28 தடையில்லாச் சான்றையும் நம்ம மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய வரியையும் விலையோட கூட்டிப் பார்த்துக்கோங்க.

என் தங்கச்சி மகன் பாளையங்கோட்டையில வக்கீல். அவன் ரெண்டு விஷயம் சொன்னான். ஒண்ணு, பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.கிட்ட அங்கீகாரம் வாங்கியிருக்கணும்னு 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கு. அப்படி அங்கீகாரம் வாங்கினவர் கையில முறைப்படி ஒப்படைச்ச வண்டி இருக்கிற வரைக்கும் அவரே உரிமையாளர்னு கணக்கு. "சான்றைக் காட்டச் சொல்லுங்க மாமா"ன்னான். ஈரோட்டுக்காரர் சுவத்துல மாட்டியிருந்ததையே காட்டினார். ரெண்டாவது, 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் 41-ஆவது பிரிவு. முன்னால பார்க்காத சரக்கை வாங்கினவன், கைக்கு வந்து சோதிச்சுப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கிற வரைக்கும் அதை ஏத்துக்கிட்டதா ஆகாது. சட்டம் நம்ம பக்கம் இருக்கு சரி, அதுக்காக வயலை விட்டுட்டு ஈரோட்டுக் கோர்ட்டுக்கு அலைய முடியுமா? அதனால 42,000-ல 5,000-ஐப் பேர் மாறின பிறகு தர்றேன்னு பேசி, அதை வாட்ஸ்அப்பில எழுதி வாங்கிக்கிட்டேன். அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "சரிங்ணா, உங்க வார்த்தையை நம்பறேன்"ன்னார். அவரும் என்னை ஓட்டிப் பார்க்கலயே!

வண்டி பார்சல் லாரியில வந்துச்சு. பெட்ரோலை வடிச்சு, சாக்கும் அட்டையும் சுத்தி அனுப்பியிருந்தார். வாடகை 2,200. ஓட்டிப் பார்த்தேன். மேடு ஏறும்போது எஞ்சின் உறுமுது, வண்டி அதுக்குத் தக்க ஏறல. கிளட்ச் பிளேட் தேய்ஞ்சிருக்கு. பிரேக் பிடிச்சா முன்னால லொடக்குன்னு ஒரு சத்தம், கோன் செட். ரெண்டும் ஓட்டிப் பார்த்தா மட்டுமே தெரியுற குத்தம், வீடியோவுல தெரியாது. இப்படி ஏதாவது இருக்கும்னு 5,000 ஒதுக்கித்தான் வெச்சிருந்தேன். 2,300-ல முடிஞ்சுது. அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சண்டைக்கு வரல, பாக்கியில 1,000 குறைச்சுக்கச் சொன்னார். முப்பது நாளுக்குள்ள திருநெல்வேலி ஆர்.டி.ஓ.வுல பேர் மாத்தி, மீதி 4,000-ஐ அனுப்பிட்டேன். ஒரே மாநிலம்கிறதால நம்பர் மாறல. இன்னைக்கும் டிஎன் 33-ன்னு பார்த்துட்டு, "ஈரோட்டுக்காரரா?"ன்னு செக்போஸ்ட்டுல கேக்காங்க.

எனக்குத் தெரிஞ்சவரை கணக்கு இதுதான். இரும்புல உள்ள பழுதுக்கு ஒரு விலை இருக்கு, மெக்கானிக் சரி பண்ணிருவார். காகிதத்துல உள்ள பழுதை எந்த மெக்கானிக்கும் சரி பண்ண மாட்டார். போய் ஓட்ட முடியலன்னா அந்த நேரத்தைக் காகிதத்துக்கும், விக்கிற மனுஷன் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்றார்ங்கிறதுக்கும் செலவழிங்க. மூணாவது கேள்விக்கே சலிச்சுக்கிறவர், வண்டி வந்த பிறகு போனை எடுக்க மாட்டார்.

இன்னொண்ணையும் சொல்லி முடிக்கேன். வெள்ளம் வடிஞ்ச பத்தாம் நாள் எங்க ஊருக்கு மினி லாரியோட வெளியூர் ஆளுங்க வந்தாங்க. முங்கின வண்டிக்குக் கையில பணம். என் பழைய வண்டிக்கு 8,000 சொன்னாங்க. "பேர் எல்லாம் நாங்க மாத்திக்கிடுவோம், வெறும் ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போடுங்க." பேர் மாத்தாம வித்த வண்டி எத்தனை கை மாறி எங்க மோதினாலும், பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல நவீன் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. அந்தப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இவ்வளவு பணம் கொடுத்து எடுத்துட்டுப் போறவங்க அதை உருக்கவா போறாங்க? கழுவி, பெயிண்ட் அடிச்சு, போட்டோ எடுத்துப் போடுவாங்க. தருமபுரியிலயோ திருவாரூர்லயோ என்னை மாதிரி ஒருத்தன் போனைப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பான்.

பழைய இரும்புக் கடையில 3,500-க்குப் போட்டேன். கண்ணு முன்னாலயே சேசிஸை அறுக்கச் சொல்லி, ஆர்.சி.யை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒப்படைச்சுப் பதிவை ரத்து பண்ணினேன். "நாலாயிரத்தைந்நூறு ரூவாயை ஆத்துல விட்டுட்டு வந்திருக்கீய"ன்னு வீட்டுல ஒரு வாரம் ஏச்சு. அது வெள்ளத்துல போன கணக்குலயே சேரட்டும்னு சொல்லிட்டு, நாத்துப் பாவப் போயிட்டேன்.