பிற்பாட்டுக் குரல்கள்

இசை எங்கே வளர்கிறது என்று கேட்டால், மண்டபத்தையும் தேர்வுச் சான்றிதழையும் சுட்டிக்காட்டுவோர் பலர். அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே வாங்கில் அமர்கின்ற இடங்களே இசையின் நாற்றுமேடைகள் என்பது எமது துணிபு. நியூயோர்க் நகரின் கிரினிச் வில்லேஜ் பகுதியில் 1960ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கோப்பிக் கடைகளும் மதுக்கடைகளும் அத்தகைய இடங்களாக இருந்தன. கேர்டீஸ் என்னும் கடையில் திங்கட்கிழமை இரவுகளில் விரும்பியவர் மேடையேறலாம். 1961இல் பெயரறியாத இளைஞராக அந்நகருக்கு வந்த பொப் டிலான் இத்தகைய மேடைகளிலேதான் பழகினார்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், போரதீவுப்பற்றின் வெல்லாவெளியில் நாம் கண்டதும் இதுவே. தெருவோரத் தேத்தண்ணிக் கடையொன்றில் சனிக்கிழமை மாலைகளில் சிலர் கூடுவர். வயலிலிருந்து வருவோர், உழவு இயந்திரம் ஓட்டுவோர், மேசன் வேலை செய்வோர், எம்போன்ற ஆசிரியர் ஓரிருவர். ஒரு மத்தளம், ஒரு சோடிச் சல்லரி, வெறுந்தேத்தண்ணி. அழைப்பும் இல்லை, கட்டணமும் இல்லை. வந்தவர் பாடலாம்.

அந்தக் கூட்டத்தின் மூத்தவர் ஒருவர், இளமையில் பல களரிகளில் ஆடியவர். உழவு இயந்திரச் சாரதியான இளைஞன் ஒருவன் முதன்முறை பாடியபோது சுருதி நழுவியது, பாதியிலே நிறுத்திவிட்டான். "மனே, நீ பாடு, நாங்க இருக்கம்" என்றார் மூத்தவர். அடுத்த அடியை அவன் தொடங்கியதும் எல்லாரும் சேர்ந்து அதைத் திரும்பப் பாடினார்கள். கூத்தில் இதற்குப் பிற்பாட்டு என்று பெயர். தருவைப் பாடுகின்ற கூத்தனுக்கு மூச்சுவிட இடம் தருவதும், தவறிய சுருதியை மெல்ல நேராக்குவதும் அதுவே. ஒலிவாங்கியின் முன் நிற்பவன் தனியன். களரியில் நிற்பவன் தனியன் அல்லன். நான்கு மாதங்களில் அவ்விளைஞனின் குரல் உறுதிப்பட்டது. பிழையை நகையாமல் திருத்துகின்ற நட்பே அவனுக்குக் குருவாயிற்று.

இப்பாடல்கள் ஏன் கடைவாசலைத் தேடிவந்தன? ஒரு காலத்தில் ஏர்ப்பாட்டு ஏரோடு இருந்தது. பொலிப்பாட்டு சூடடிக்கும் களத்தில் இருந்தது. இயந்திரம் வந்தபின் உழைப்பின் பளு குறைந்தது, அது நன்மையே. ஆயின் பலர் கூடி உழைத்த களம் போனதோடு, பலர் கூடிப் பாடிய பாட்டும் இடமற்றுப்போயிற்று. இதற்கு மேலாக யுத்தம். 2007இல் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்தனர். மீண்டு வந்தவர்கள் வீட்டையும் வரம்பையும் திருத்தினர். சிதறிய பாட்டுக் கூட்டத்தைத் திருத்துவதற்கு எந்த நிவாரணப் பட்டியலிலும் இடமில்லை.

எனினும் பழைய களரியை அப்படியே மீட்டுவிட்டாற் போதுமா? பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை மேடையேற்றி, பாமரர் ஆட்டமென்று இகழப்பட்ட கலைக்குக் கற்றோர் மத்தியில் மதிப்புத் தேடித்தந்தார். அவரது மாணவரும் அந்த இராவணேசனுமான சி. மௌனகுரு கூத்தின் மொழியிலேயே சமூக விடுதலை பேசும் 'சங்காரம்' நாடகத்தைப் படைத்தார். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊரவரோடு சேர்ந்து நடத்திய கூத்து மீளுருவாக்க முயற்சி, சாதியையும் பெண்ணிலையையும் குறித்த கேள்விகளைக் களரிக்குள்ளேயே எழுப்பியது. மரபு என்பது கேள்விக்கு அஞ்சும் பொருளன்று.

எமது கடையிலும் அக்கேள்வி எழுந்தது. சாவீட்டில் பறை முழக்கும் ஒருவர் வாங்கில் சரிசமமாக அமர்ந்து மத்தளம் வாசித்தார், அதுவரை நன்று. பெண்களோ வரவில்லை. எம்மிடம் படித்த மாணவி ஒருத்தி பாட்டியிடம் கேட்ட கவிகளைக் கணீரென்று பாடுவாள். ஆனால் மாலையில் தேத்தண்ணிக் கடையில் பெண் அமர்வதை ஊர் ஒப்பாது. ஆகவே வாசிகசாலை முன்றிலுள்ள மருதமர நிழலுக்கு, வெயில் தாழ்ந்த நாலு மணிக்கு, கூட்டத்தை மாற்றலாம் என்றோம். பலர் இசைந்தனர். கடைக்காரர் தேத்தண்ணியை அங்கேயே அனுப்புவதாகச் சொன்னார். மூத்தவர் மட்டும், "சேர், களரிக்கு ஒரு முறை இருக்கு" என்று எழுந்து போனார்.

இப்போது அம்மாணவியும் அவள் தாயும் இன்னும் இரு பெண்களும் வருகிறார்கள். நாற்று நடுகையில் பாடியவற்றை அந்தத் தாய் நினைவுகூர்ந்து பாடினாள். எம்மில் ஒருவரும் அவற்றை முன்பு கேட்டதில்லை. பாதிப் பேரை வெளியே நிறுத்திய கூட்டம் பாதிப் பாட்டையும் வெளியே நிறுத்தியிருந்தது.

மூத்தவர் இன்னும் வரவில்லை. அவரது நட்பை இழக்க நாம் விரும்பவில்லை. அதன் விலையாக அம்மாணவியை வீட்டுக்கு அனுப்பவும் விரும்பவில்லை. சென்ற வாரம் அவரிடம் சென்றபோது, நடுகைப் பாட்டின் மெட்டு எதுவென்று கேட்டார். பாடிக்காட்டினோம், ஓரிடத்தில் தாளம் பிசகியதைத் திருத்தினார். திருத்தியதை அம்மாணவியிடம் சொன்னோம். அவள் இப்போது அப்படியே பாடுகிறாள்.