தோவாளைப் பூவும் வாழைத்தடையும்

ஆகஸ்ட் 24, 2025, ஞாயிறு

வெள்ளிக்கிழமை தம்பி மகளுக்கு வளைகாப்பு. மண்டபம் இல்லை, நாகர்கோவில் வீட்டு முன்னறையில்தான். அலங்காரத்துக்கு ஒப்பந்தக்காரர் ஒருவர் கொடுத்த படங்களைத் தம்பி அனுப்பியிருந்தான். பிளாஸ்டிக் பூச்சுவர், அதன் நடுவே பச்சை ஃபோமில் குத்திய ஜெர்பரா. எந்த ஊர் வீட்டுக்கும் பொருந்தும், எந்த வீட்டையும் சேர்ந்ததில்லை. "வேண்டாம்டே, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பச்சை ஃபோம் 1954-ல் அமெரிக்காவில் வந்தது. பினால் ஃபார்மால்டிஹைடு பிசினில் செய்வது. விரல் பட்டாலே பொடிந்துபோகும், ஆனால் மக்காது. நுண்பிளாஸ்டிக்காகச் சாக்கடை வழியே குளத்துக்குப் போய்ச் சேரும். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடுத்துவிட்டது. குலை வெட்டிய வாழைத்தடை, அதாவது வாழை அடிமரம், தோப்புக்குத் தோப்பு கிடக்கும் குமரி மாவட்டத்தில் பூ குத்த ஃபோமைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

மாலையில் முன்னறையில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்துப் பார்த்தேன். வருகிறவர்கள் குனிந்து சந்தனம் பூசி வளையல் போடுவார்கள். எல்லார் கண்ணும் அவள் தோளுக்கும் தலைக்கும் நடுவில்தான் இருக்கும். ஆகவே பூ அந்த உயரத்தில் போதும். கூரைவரை ஏற்றுவது வீண். நாற்காலிக் கையில் ஒரு பூவும் கூடாது, வளையல் போடுகிற கை அங்கேதான் வரும்.

"அத்தே, மல்லிப்பூ மணம் அடிச்சா குமட்டுது" என்றாள். அது ஒன்றே பாதித் திட்டத்தைத் தீர்மானித்துவிட்டது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

விடியுமுன் தோவாளைப் பூச்சந்தை. இன்று அத்தம், திருவோணம் வரை நாள்தோறும் கேரளத்து அத்தப்பூக்களங்களுக்கு இங்கிருந்துதான் வண்டி வண்டியாகப் போகும். நாளை பிள்ளையார் சதுர்த்தி வேறு. கிரேந்தி மூட்டைகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. அரளி சேலத்திலிருந்து, ரோஜா ஓசூரிலிருந்து, பிச்சி சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து. விலை நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறியது. வெள்ளிக்குத் தேவையானதைச் சொல்லிவைத்துவிட்டு வந்தேன்: சம்பங்கி, மஞ்சள் கிரேந்தி, வாடாமல்லி, மரிக்கொழுந்து, தாமரை மொட்டு. பிச்சி அவள் தலைக்கு மட்டும், கொஞ்சமாக. மரிக்கொழுந்தின் மணம் இலையில் இருப்பதால் பகல் முழுக்க நிற்கும். அது அவளுக்கு ஒத்துக்கொள்கிறது.

மாணிக்கமாலை கட்டுகிற வீட்டுத் திண்ணையில் கொஞ்சநேரம் உட்கார்ந்தேன். அரளியையும் நொச்சி இலையையும் மடித்து நாரில் வரிசை பிடிக்க, பாய் முடைந்ததுபோலத் தட்டையாக விழுகிறது மாலை. இந்த ஆண்டுதான் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. பெண்ணின் பின்னால் தொங்கவிட ஒன்று கேட்டிருக்கிறேன். அரளி நஞ்சு என்பதால் அவள் கழுத்துக்கு அது வேண்டாம். சாப்பாட்டுப் பக்கமும், பூ மிதக்கவிடுகிற உருளித் தண்ணீரிலும் அரளியைச் சேர்க்கவே மாட்டேன். குழந்தைகள் கை விடுகிற இடம் அது.

ஆகஸ்ட் 28, வியாழன்

தோப்பிலிருந்து வாழைத்தடை வந்தது. முழ நீளத் துண்டுகளாக நறுக்கி, மேல் மட்டையை உரித்ததும் வெள்ளை வெளேரென்று ஈரம் கசிந்தது. தடையில் ஊறியிருக்கும் அந்த நீரே பூவை ஒருநாள் தாங்கிவிடும். கிரேந்திக்குக் காம்பு பலமில்லை, அதனால் ஈர்க்கில் கோத்துக் குத்த வேண்டும். சம்பங்கித் தண்டை அப்படியே குத்தலாம். ஆனால் முதலில் ஈர்க்கால் துளை போட்டுவிட்டு, அந்த வழியில் தண்டை இறக்கினால்தான் நுனி நசுங்காது. வாழைக்கறை துணியில் பட்டால் போகவே போகாது, ஆகவே தடைக்கு அடியில் தாம்பாளம் வைத்தேன்.

ஜாடிக்குப் பூவைவிட இலை அதிகம்: கொல்லையிலிருந்து குரோட்டன்ஸ், சேம்பு, இரண்டு கமுகம் பூக்குலை. 1953-ல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்குப் பூ அலங்காரம் செய்த கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை, முட்டைக்கோஸ் வகைக் கீரையையும் வேலியோரக் கொடியையும் ஜாடியில் வைத்துத்தான் பேர் வாங்கினார். நம் கொல்லையில் கிடைக்காதது என்ன?

தண்டுகளைச் சாய்த்து வெட்டி, தண்ணீருக்குள் மூழ்குகிற இலைகளைக் கிள்ளிவிட்டேன். மூழ்கிய இலை அழுகினால் தண்ணீர் கெடும், பூ ஒரே இரவில் தலை சாயும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நாலு மணிக்கு எழுந்து வாசலில் குருத்தோலைத் தோரணம். நிறைநாழியில் நெல் நிரப்பித் தென்னம்பாளை விரித்தாயிற்று. உருளிக்கு நீர் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே. காம்பை ஒட்ட நறுக்கிய கிரேந்தி வெளிவட்டம், வாடாமல்லி உள்வட்டம், நடுவே தாமரை. தாமரை இதழை மட்டும் ஆட்கள் வரத் தொடங்கியபின் மடித்தேன். ஒவ்வொரு வெளி இதழையும் உள்பக்கமாக அரைமடிப்பு மடித்து அடியில் செருக வேண்டும். மடித்த ஓரம் சீக்கிரம் கருத்துவிடும்.

சீர்த்தட்டுகளைப் பூ ஜாடியோடு சேர்த்து அடுக்க வந்தார்கள். வாழைப்பழத் தட்டுகளை எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொன்னேன். பழுக்கிற பழம் விடுகிற எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடவைக்கும். பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், காரணம் சொன்னதும் அவர்களே தூக்கி வைத்தார்கள்.

அவள் கை நிறையக் கண்ணாடி வளையல். பின்னால் மாணிக்கமாலை, இருபுறமும் சம்பங்கி. குமட்டவில்லை என்றாள். எனக்கு அது போதும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

குருத்தோலை நேற்றே சுருண்டது. தடையில் குத்திய சம்பங்கி பழுத்துவிட்டது, கிரேந்தி இன்னும் நிறம் மாறவில்லை. வாடாமல்லியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், காய்ந்தாலும் நிறம் போகாது. மற்றதெல்லாம் தடையோடு சேர்த்துத் தென்னைமூட்டில் உரம்.

பக்கத்து வீட்டில் அடுத்த மாதம் பால்காய்ப்பு. எப்படிச் செய்வது என்று கேட்டாள் அந்த வீட்டுப் பெண், எழுதிக் கொடுத்தேன்: பூ பறித்த நேரத்தைக் கேட்டு வாங்கு. ஜாடி முந்தின நாள், உருளி அன்று காலை, தாமரை கடைசியில். பழத்தட்டைத் தள்ளி வை. ஃபோம் வீட்டுக்குள் வரவே கூடாது.