அந்த வீட்டை இப்போது யார் கூட்டுகிறார்கள்?

கதை சொல்பவர் மூச்சு வாங்க நிறுத்தும்போது கேட்பவர் ‘அப்புறம்?’ என்று கேட்க வேண்டும். கதைக்கு அதுதான் கூலி. ‘உம்’ கொட்டாத பிள்ளைக்கு எங்கள் ஆச்சி கதை சொல்லமாட்டாள். ஆனால் அவளிடமும் ஒரு இடத்துக்குமேல் ‘அப்புறம்?’ செல்லாது. ராசகுமாரிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, கதை முடிந்தது. அவர்கள் அங்கே சுகமாக இருந்தார்கள், நாம் இங்கே சுகமாக இருக்கிறோம், போய்ப் படு. கல்யாணத்துக்குப் பிறகான ஐம்பது வருடத்தை உடம்பில் சுமந்தவள்தான் அப்படிச் சொன்னாள்.

‘ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ படமும் அதே இடத்தில்தான் நிற்கிறது. 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் கார்த்தே சர்க்கிள் திரையரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. சில நிமிடச் சிரிப்புப் படங்களே கார்ட்டூன் என்றிருந்த காலத்தில் 83 நிமிடப் படம். எடுத்துக்கொண்டிருக்கும்போதே ‘டிஸ்னியின் முட்டாள்தனம்’ என்று திரையுலகம் அதற்குப் பெயர் வைத்திருந்தது. படம் வந்தபின் யாரும் அப்படிப் பேசவில்லை. கடைசிக் காட்சியில் இளவரசன் அவளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறான். தூரத்தில் பொன்னிற மேகங்களுக்கு நடுவே ஒரு கோட்டை. அந்தக் கோட்டையின் உள்ளே கேமரா ஒருநாளும் போகவில்லை.

இவ்வளவு ஓடிய படத்துக்கு ஏன் இரண்டாம் பாகம் வரவில்லை? டிஸ்னிக்குத் தொடர்ச்சிகளில் நம்பிக்கை இல்லை என்பது வழக்கமான பதில். அதில் உண்மை இருக்கிறது. 1933இல் வந்த மூன்று பன்றிக்குட்டிகள் படம் பெருவெற்றி பெற்றபோது, இன்னும் பன்றிகள் வேண்டும் என்று விநியோகஸ்தர்கள் கேட்டார்கள். அடுத்தடுத்து எடுத்த பன்றிப் படங்கள் எதுவும் முதல் படத்தின் கிட்டே வரவில்லை. பன்றியைப் பன்றியால் மிஞ்ச முடியாது என்று டிஸ்னி சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஸ்னோ ஒயிட் படத்துக்குத் தொடர்ச்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குள்ளர்களுக்குத் தொடர்ச்சி இருந்தது.

1941இல் ‘ஏழு அறிவுள்ள குள்ளர்கள்’ என்ற குறும்படம் கனடா அரசுக்காக எடுக்கப்பட்டது. சுரங்கத்தில் தோண்டிய வைரங்களைக் கொண்டுபோய்க் குள்ளர்கள் போர்க்காலச் சேமிப்புப் பத்திரங்கள் வாங்குகிறார்கள். பழைய படத்தின் அனிமேஷனையே பெரும்பாலும் எடுத்தாண்டிருந்தார்கள். 1943இல் ‘சிறகு முளைத்த சாபம்’ வந்தது. மலேரியாக் கொசுவை ஒழிப்பது பற்றிய பிரச்சாரப் படம். லத்தீன் அமெரிக்க நாடுகளை மனத்தில் வைத்து அமெரிக்க அரசு எடுக்கச் சொன்னது. தொண்டர்களாக முன்வரும் ஏழு குள்ளர்கள் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் ஊற்றுகிறார்கள், புதர் வெட்டுகிறார்கள், வீட்டைச் சுற்றிச் சுத்தம் செய்கிறார்கள். அவர்களோடு ஸ்னோ ஒயிட் இல்லை.

என் மகள் ஒன்பது வயதில் இந்தப் படத்தை மடிக்கணினியில் பார்த்தாள். இளவரசன், முத்தம், கோட்டை எதுவும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ‘அம்மா, இனிமே அந்தக் குள்ளங்க வீட்டை யாரு கூட்டுவா?’ என்று கேட்டாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. படத்தில் ஒரு பெண் காட்டில் தஞ்சம் புகுந்து, பூட்டாத ஒரு வீட்டைக் கண்டதும் செய்கிற முதல் வேலை அதைக் கூட்டிப் பெருக்குவது. சமைக்கிறேன், துவைக்கிறேன், வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகுதான் அங்கே தங்க இடம் கிடைக்கிறது. அவள் போன பின் அந்த வேலை என்ன ஆனது என்பதைவிட நல்ல ‘அப்புறம்?’ எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் மலேரியாப் படத்தைப் பார்த்தபோது பதில் கிடைத்தது. அரசாங்கம் கேட்டுக்கொண்டால் குள்ளர்களுக்கும் வீட்டைச் சுத்தம் செய்யத் தெரிகிறது!

ஸ்னோ ஒயிட்டுக்கென்று யோசித்த தொடர்ச்சியும் ஒன்று உண்டு. ‘ஸ்னோ ஒயிட் திரும்பி வருகிறாள்’ என்பது அதன் தலைப்பு. ஒரு குறும்படத்துக்கான ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சி காட்சியாக வரைந்த பென்சில் ஓவியங்கள். பல பத்தாண்டுகள் காப்பகத்தில் கிடந்துவிட்டு, 2009இல் வெளியான ப்ளூரே வட்டில்தான் பார்வைக்கு வந்தன. மூலப் படத்தில் வெட்டிய இரண்டு காட்சிகளை இதில் பயன்படுத்திக்கொள்ளும் யோசனை இருந்ததாகத் தெரிகிறது. ஒன்று சூப் குடிக்கும் காட்சி. உறிஞ்சிச் சத்தம் போடாமல் எப்படிக் குடிப்பது என்று அவள் குள்ளர்களுக்குச் சொல்லித்தருகிறாள். வார்டு கிம்பல் மாதக்கணக்கில் பாடுபட்டு அனிமேஷன் செய்தது. கதையின் வேகம் குறைகிறதென்று எடுத்துவிட்டார்கள். இன்னொன்று, குள்ளர்கள் ஏழு பேரும் சேர்ந்து அவளுக்காக ஒரு கட்டில் செய்யும் காட்சி.

இந்த ஓவியங்களில் என்னைத் தொந்தரவு செய்வது அந்தத் தலைப்புதான். அவள் திரும்பி வருகிறாள். கோட்டையிலிருந்து பழைய வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறாள். தாய்வீட்டுக்கு வரும் பெண்ணிடம் எல்லோரும் பழைய நாளைப் பற்றியே பேசுவதுபோல, அவளுடைய ‘பிறகு’க்கு என்று யோசித்த படத்திலும் பழைய காட்சிகளே வந்து உட்கார்கின்றன. நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்க அதில் இடமில்லை.

1955இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அவள் பெயரில் ஒரு சவாரி இருந்தது. வண்டியில் உட்கார்ந்து காட்டுக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் சூனியக்காரியின் கோட்டைக்குள்ளும் போய்வரலாம். அதில் ஸ்னோ ஒயிட்டின் உருவமே கிடையாது. சவாரி செய்பவர்தான் ஸ்னோ ஒயிட் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். வந்தவர்களுக்கு அது புரியவில்லை. அவள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1983இல் புதுப்பித்தபோதுதான் அவள் உருவத்தை வைத்தார்கள். பெயர்ப்பலகையில் இருந்துகொண்டு உள்ளே இல்லாமல் 28 ஆண்டுகள். பத்திரிகை வாசலில் அச்சிட்ட தன் பெயரைத் தவிர அந்த வீட்டில் வேறெதிலும் பெயர் இல்லாத பெண்களை எனக்குத் தெரியும்.

டிஸ்னிக்கு வெளியே, ஃபில்மேஷன் என்ற நிறுவனம் எண்பதுகளில் துணிந்து ஒரு தொடர்ச்சி எடுத்தது. டிஸ்னி வழக்குப் போட்டது. ஃபில்மேஷனின் படத்தில் குள்ளர்கள் இல்லை. அவர்களுடைய ஒன்றுவிட்ட சகோதரிகள் ஏழு பேர் வருகிறார்கள். இடிமின்னலை ஆள்பவள் ஒருத்தி, கடலை ஆள்பவள் ஒருத்தி, மண்ணை ஆள்பவள் ஒருத்தி. இம்முறை இளவரசனைக் கடத்திப்போகிறார்கள். அவனை மீட்க ஸ்னோ ஒயிட் இந்தப் பெண்களோடு நடந்துபோகிறாள். கேட்கவே நன்றாக இருக்கிறது. நிறுவனம் 1989இல் மூடப்பட்டது. படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வர 1993 ஆயிற்று, வந்தும் ஓடவில்லை. ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதையும் கல்யாணத்துக்கு முன்பே நடக்கிறது. மந்திரசக்தியுள்ள ஏழு பெண்களைக் கற்பனை செய்ய முடிந்தவர்களாலும் ஒரு மனைவியின் செவ்வாய்க்கிழமையைக் கற்பனை செய்ய முடியவில்லை.

2000களில் டிஸ்னியின் டிஸ்னிடூன் பிரிவு குள்ளர்களின் முன்கதையை எடுக்கத் திட்டமிட்டு, நிர்வாகம் மாறியபின் கைவிட்டது. 2014இல் குள்ளர்கள் தொலைக்காட்சித் தொடராக வந்தார்கள். அதில் வேறு ஒரு ராணி, ஸ்னோ ஒயிட் இல்லை. 2025இல் நடிகர்களை வைத்துப் படம் எடுத்தபோது அவளுக்குத் துணிவும் அரசியலும் கொடுத்தார்கள், கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். 88 ஆண்டுகளாக அவளுக்கு ஆரம்பம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

கோட்டைக்குள் போனவர்கள் கவிஞர்களும் பெண்ணிய விமர்சகர்களும்தான். ஆன் செக்ஸ்டன் 1971இல் எழுதிய கவிதையில், கல்யாணமான ஸ்னோ ஒயிட் கடைசியில் கண்ணாடி பார்க்கத் தொடங்குகிறாள். 1979இல் சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் கூபரும் எழுதிய புகழ்பெற்ற நூல், கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியேறியவள் போய்ச் சேரும் இடம் இன்னொரு கண்ணாடி என்கிறது. அந்தக் கண்ணாடியில் ஒலிக்கும் குரலை ராஜாவின் குரலாக அவர்கள் கேட்கிறார்கள். அப்படியானால் இரண்டாம் பாகம் ஏற்கெனவே முதல் பாகத்துக்குள் இருக்கிறது. அந்த ராணிதான் அது. அவளும் ஒருகாலத்தில் மேகக்கோட்டைக்குக் குதிரையில் வந்து இறங்கியவளாக இருக்கலாம்.

தமிழ் இலக்கியம் நடத்துகிறவளுக்குத் தொலைந்த பிரதிகள் பழக்கம். குண்டலகேசியில் நமக்குக் கிடைத்தவை சில செய்யுள்கள் மட்டுமே. அதை மறுக்க எழுந்த நீலகேசி முழுதாக இருக்கிறது. மறுத்தவளின் வாயிலிருந்துதான் மறுக்கப்பட்டவளைப் பற்றிக் கொஞ்சம் அறிகிறோம். ஏட்டில் இல்லாததை, இருப்பதன் ஓரங்களிலிருந்து வாசிக்க அந்தப் பாடம் கற்றுக்கொடுத்தது. ஸ்னோ ஒயிட்டின் ஓரங்களில் யார் இருந்தார்கள் என்று நான் தேடிப்போனது அதனால்தான்.

அங்கே உழைத்த பெண்கள் இருந்தார்கள். அனிமேட்டர்கள் தாளில் வரைந்த ஒவ்வொரு படத்தையும் செல்லுலாய்டுத் தகட்டில் மையால் பிரதியெடுத்து வண்ணம் தீட்டியவர்கள் பெண்கள். ஸ்னோ ஒயிட்டின் கன்னத்தில் தெரியும் மெல்லிய சிவப்பு அவர்கள் கைவேலை. கதைக்குழுவில் டோரதி ஆன் பிளாங்க் இருந்தார். கலை இயக்குநர் வரிசையில் ஹேஸல் சூவல் பெயர் இருக்கிறது. ஆனாலும் படம் வந்த சில மாதங்களில், 1938 ஜூனில், வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு நிறுவனம் அனுப்பிய பதில் கடிதம் இன்று உலகறிந்தது. திரைக்கான கார்ட்டூன்களை உருவாக்கும் படைப்பு வேலை எதையும் பெண்கள் செய்வதில்லை, அது முழுக்க இளைஞர்களின் வேலை, பெண்களுக்கு மையிடும் வண்ணமிடும் பிரிவு மட்டுமே என்று அது சொல்கிறது. அந்தக் கடிதத்தாளின் ஓரத்தில் அலங்காரமாக அச்சிடப்பட்டிருப்பவள் ஸ்னோ ஒயிட்.

அவளுக்குக் குரல் கொடுத்த அட்ரியானா கசலோட்டிக்குக் கிடைத்த ஊதியம் 970 டாலர். திரையில் அவர் பெயர் வரவில்லை. பாடல் இசைத்தட்டுகளின் வருமானத்தில் பங்கு கேட்டு வழக்குத் தொடுத்தார், கிடைக்கவில்லை. பெரிய பாத்திரம் எதுவும் பிறகு அவருக்கு அமையவில்லை. நிறுவனம் 1994இல் அவருக்கு மரியாதை செய்தது. மூன்று ஆண்டுகளில் இறந்துபோனார்.

அவளுக்கு உடம்பு கொடுத்தவர் மார்ஜ் பெல்ச்சர். ஹாலிவுட்டில் நடனப் பள்ளி நடத்தியவரின் மகள். பதின்ம வயதில் அவரை ஆடவும் ஓடவும் குனியவும் வைத்துப் படம்பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்துத்தான் அனிமேட்டர்கள் வரைந்தார்கள். அவர் பெயரும் திரையில் இல்லை. படத்தில் ராணியை அனிமேஷன் செய்த ஆர்ட் பாபிட்டைத் திருமணம் செய்துகொண்டார். சில ஆண்டுகளில் மணவிலக்கு. பிறகு கோவர் சாம்பியனோடு சேர்ந்து ஆடினார். மேடையிலும் திரையிலும் புகழ்பெற்ற இணை. அந்தத் திருமணமும் 1973இல் முடிந்தது. 1975இல், ஐம்பது வயது தாண்டிய பிறகு, நடன அமைப்புக்காக எம்மி விருது வாங்கினார். மூன்றாவது கணவரை விபத்தில் இழந்தார். எண்பது வயதுக்குப் பிறகும் ஆடினார். 2020இல், 101 வயதில் மறைந்தார்.

இதைப் படித்த இரவு வெகுநேரம் தூங்கவில்லை. ஒன்பது ஆண்டுத் திருமணத்தை முடித்துக்கொண்டு, குடும்ப நீதிமன்றத்திலிருந்து மகளோடு வெளியே வந்த அந்த மாதம் முழுவதும் துறை அறையிலும் உறவினர் வீட்டு விசேஷங்களிலும் எல்லோரும் என்னிடம் கேட்ட சொல் ‘அப்புறம்?’தான். அப்புறம் என்ன செய்யப் போகிறாய், அப்புறம் குழந்தைக்கு யார். கதை கேட்கும் பிள்ளையின் குரல் அதில் இல்லை. இதற்குமேல் உன்னிடம் கதை இருக்க வாய்ப்பில்லை என்ற முடிவோடு கேட்ட கேள்வி. எனக்கும் உடனே சொல்ல ஒன்றும் தெரியவில்லை. முன்மாதிரியாகக் காட்ட ஒரு படம்கூட இல்லை. அந்த ஆண்டுதான் என் இரண்டாம் தொகுப்பின் கவிதைகளை எழுதினேன். வாடகை வீட்டின் தண்ணீர்த் தொட்டி, மகளின் சீருடை, நள்ளிரவில் திருத்திய விடைத்தாள் எல்லாம் அதில் இருக்கின்றன. மேகமும் கோட்டையும் இல்லை.

வெளிவராத படங்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தொலைந்த சுருளுக்காக ஏங்குகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. ‘ஸ்னோ ஒயிட் திரும்பி வருகிறாள்’ முழுப்படமாக வந்திருந்தால் அவள் இன்னொருமுறை சூப் பரிமாறியிருப்பாள், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது யாரும் வரையாத பக்கங்கள். இப்போதெல்லாம் வகுப்பில் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறேன்: கல்யாணத்தில் முடியும் ஏதாவது ஒரு கதையை எடுத்து, பத்து ஆண்டு கழித்து ஒருநாளை எழுதுங்கள். போன ஆண்டு ஒரு மாணவி ஸ்னோ ஒயிட்டை எடுத்திருந்தாள். அவள் கதையில் ராணி மாளிகையின் கண்ணாடியை விற்றுச் சுரங்கத்தில் பங்கு வாங்குகிறாள். குள்ளர்களோடு வரவுசெலவு பேசுகிறாள், சண்டை போடுகிறாள், மாலையில் களைத்துப்போய் அவர்கள் அன்று அவளுக்காகச் செய்த கட்டிலில் படுத்துத் தூங்குகிறாள். கட்டில் காட்சியை வகுப்பில் நான்தான் சொல்லியிருந்தேன். படத்தில் அவள் அதில் ஒருமுறைகூடப் படுக்கவில்லை என்பதைக் குறித்துவைத்துக்கொண்டவள் அந்த மாணவி.