கேமரா தள்ள வேண்டியதை நான் சேர்த்தேன்

சென்னைக்கு வெளியே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பேக்கிங் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். இயந்திரம் பழுதென்று கழித்துத் தள்ளியிருக்க வேண்டிய மாத்திரை அட்டைகளை, நல்லவை என்று கடைக்குப் போக விட்டவன் நான்.

அந்த லைனில் மனிதக் கை மாத்திரையைத் தொடுவதே இல்லை. குழியில் மாத்திரை விழும், மேலே அலுமினியத் தாள் சூட்டில் ஒட்டும், கேமரா பார்க்கும். காலிக் குழியோ ஓரத்தில் சுருக்கமோ தெரிந்தால் காற்று ஊதி அந்த அட்டையைப் பூட்டிய பெட்டிக்குள் தள்ளிவிடும். மிச்சத்தை டெல்டா ரோபோ அள்ளி டப்பாவில் அடுக்கும். 1980களில் சுவிட்சர்லாந்தில் ரேமோன் கிளாவெல் வடிவமைத்தது அது. சிலந்திபோல மேலிருந்து தொங்கும். கேமரா சரி என்றால் எடுக்கும், அவ்வளவுதான். அதற்குச் சந்தேகப்படத் தெரியாது. சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஓர் இரவு ஆஸ்பிரின் ஓடியது. இதய நோயாளிகள் தினம் போடும் 75 மில்லிகிராம். நள்ளிரவுக்கு மேல் கழிவுப் பெட்டி மளமளவென்று நிரம்பியது. ஒட்டும் தட்டில் சூடு சரியில்லை என்று எனக்கு அப்போதே புரிந்தது. லைனை நிறுத்தியிருக்க வேண்டும். விடிவதற்குள் முடிக்க வேண்டிய கணக்கு இருந்தது. பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. கேமராவின் அளவைத் தளர்த்தினேன். பெட்டி நிரம்புவது நின்றது.

அதோடு விட்டிருந்தாலாவது கசிவுச் சோதனையில் மாட்டியிருக்கும். மெத்திலீன் நீலம் கலந்த தண்ணீரில் அட்டைகளை அமுக்கி, காற்றை உறிஞ்சி, பிறகு திறந்து பார்ப்போம். ஒட்டு விட்டிருந்தால் நீலம் உள்ளே போயிருக்கும். ஓர் அட்டையில் மூலைக் குழி மாத்திரையின் விளிம்பில் கடுகளவு நீலம். அதைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். வேறு அட்டை எடுத்துச் சோதித்து, "தேறியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு அந்தமானுக்கு வந்து போர்ட் பிளேரில் மருந்துக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கே மருந்து செய்யும் ஆலை கிடையாது. பெரும்பாலும் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வருவதுதான். வருஷத்தில் பாதி நாள் மழை, சுவரே வேர்க்கும். நம் நாட்டு மருந்துகளை 30 டிகிரி வெப்பத்திலும் அதிக ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்துத்தான் காலாவதித் தேதி குறிக்கிறார்கள். அந்தக் கணக்கெல்லாம் அட்டை ஒழுங்காக ஒட்டியிருந்தால்தான்.

கச்சால் தீவிலிருந்து ஒரு பாட்டி வந்தார். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். கைப்பையிலிருந்து ஆஸ்பிரின் அட்டையை எடுத்து நீட்டினார். "மாத்திரை புளிச்ச வாடை அடிக்குது தம்பி." பிதுக்கிப் பார்த்தேன். வினிகர் நெடி. ஈரம் பட்டால் ஆஸ்பிரின் உடைந்து அசிட்டிக் அமிலம் பிரியும். அவர் சொன்னது அத்தனையும் சரி.

"ஈரத்துல வெச்சிருப்பீங்க பாட்டி" என்றேன்.

"டப்பாவுக்குள்ளதான் மூடி வெச்சிருந்தேன்" என்றார். நான் மறுபடியும் அதையே சொன்னேன், கொஞ்சம் அதட்டலாக. அவர் தலையாட்டி, தன்மேல்தான் தப்பு என்று ஒத்துக்கொண்டு, புது அட்டைக்குக் காசு எண்ணி வைத்தார்.

அது நான் வேலை பார்த்த கம்பெனியின் மருந்து இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தொழிற்சாலையில் அன்றிரவு செய்ததைவிட இந்த நிம்மதிக்காகத்தான் இன்று அதிகம் வெட்கப்படுகிறேன். இதய நோய்க்காரி ஒருத்தி எத்தனை நாள் கெட்ட மாத்திரை விழுங்கினாள் என்றுகூட நான் கேட்கவில்லை.

அந்த இரவைப் பற்றிப் பழைய தொழிற்சாலைக்கு எழுதிவிட்டேன். அந்த பேட்ச் எப்போதோ காலாவதியாகிவிட்டது. திரும்பப் பெற ஒன்றும் மிச்சமிருக்காது. இப்போது யார் கெட்ட அட்டை கொண்டுவந்தாலும் பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு மருந்து ஆய்வாளருக்குத் தெரிவிக்கிறேன். பாட்டி கொடுத்த அட்டையின் எண்ணை நான் குறித்து வைக்கவில்லை.