அவர் போட்டால் நானும் போடுகிறேன்

அறுபதுகளில் புதுச்சேரியில் நான் வரலாறு படித்தது பிரெஞ்சில்தான். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலம் வந்தால் எங்கள் ஆசிரியருக்கு முகம் சிவந்துவிடும். 'பெர்ஃபீது அல்பியோன்' என்பார். வஞ்சக இங்கிலாந்து என்று பொருள். வீட்டிலும் அதே பாட்டுதான். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்த பெரியப்பா, "இங்கிலீஷ்காரன் நம்மளக் கழுத்தறுத்துட்டான்டா" என்பார். 'நம்மள' என்றது பிரான்ஸை!

எனக்கும் அந்தக் கோபம் வெகுநாள் இருந்தது. உத்தியோகத்தில் சேர்ந்தபின் ரொமேன் ரோலண்ட் நூலகத்தில் ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் மறுபக்கம் தெரிந்தது.

1919-ல் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்ஸோ, ரைன் நதிக்கு மேற்கே உள்ள பகுதியை ஜெர்மனியிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்று கேட்டார். அது வேண்டாம், ஜெர்மனி தாக்கினால் நாங்கள் வருகிறோம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் ஆளுக்கொரு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தன. பிரிட்டன் கொடுத்த தாளில் ஒரு நிபந்தனை இருந்தது: அமெரிக்கா உறுதி செய்தால்தான் இதுவும் செல்லும். அமெரிக்க செனட் உறுதி செய்யவில்லை. பிரிட்டனின் வாக்கும் அதோடு போயிற்று.

இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். 'நிதிப் பிரிவு இசைந்தால் நமக்கு ஆட்சேபணை இல்லை' என்று குறிப்பெழுதி நானே எத்தனை கோப்புகளைத் தள்ளிவிட்டிருக்கிறேன்! மறுத்த பழி யாருக்கும் இல்லை. காரியமும் நடக்காது.

1935 ஏப்ரலில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் ஸ்த்ரேஸாவில் கூடி ஹிட்லரின் படைப்பெருக்கத்தைக் கண்டித்தன. இரண்டே மாதத்தில், பிரான்ஸிடம் கலக்காமலே, பிரிட்டன் ஹிட்லருடன் கடற்படை ஒப்பந்தம் போட்டது. பிரிட்டிஷ் கடற்படையில் 35 சதவீதம் வரை ஜெர்மனி கட்டிக்கொள்ளலாம். கையெழுத்தான நாள் ஜூன் 18. நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்ற நாள். ஆசிரியர் மேசையைத் தட்டுவது இந்த இடத்தில்தான்.

ஆனால் லண்டன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்? ஜப்பானுடன் இருந்த கூட்டு 1923-லேயே முடிந்துவிட்டது. அந்த ஜப்பானே இப்போது கீழ்த்திசையில் மிரட்டுகிறது. அமெரிக்கா ஒதுங்கி நிற்கிறது. பாரீஸில் மந்திரிசபை அடிக்கடி கவிழ்கிறது. தோள் கொடுக்க ஆளில்லாதவன் எதிராளியிடமே பேரம் பேசிப் பார்க்கிறான். அதைச் சரி என்று நான் சொல்லவில்லை. பேரம் பேசியதால் இருந்த கூட்டும் இன்னும் நைந்தது.

1936 மார்ச் 7-ல் ஜெர்மன் படை ரைன்லாந்துக்குள் நுழைந்தது. லண்டன் துணையில்லாமல் பாரீஸ் அசையத் தயாராயில்லை. லண்டனோ சண்டைக்கே தயாராயில்லை. மறுபடியும் அதே குறிப்பு, அதே கோப்பு.

இதையெல்லாம் ஒருநாள் பெரியப்பாவிடம் சொன்னேன்.

"எழுதிக் கொடுத்தானா இல்லையா?"

"கொடுத்தாங்க பெரியப்பா, ஒரு நிபந்தனை போட்டு."

"அப்போ கொடுக்கலடா" என்று துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.