மகரக்கட்டு

நமது கல்லூரித் தமிழ் மன்றத்தார் இவ்வாண்டு விழாவில் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்திலிருந்து சில காட்சிகளை நடித்துக் காட்டுவதெனத் தீர்மானித்தபோது, வேடங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்பால் வந்து சேர்ந்தது. கடோற்கசனாக வருவதற்கு ஐவர் போட்டியிட்டனர். அபிமன்யுவாக வரத்தான் ஒருவரும் அகப்படவில்லை. அவ்வேடத்திற்குப் பாட்டு வேண்டும். முதலாண்டு வகுப்பில் மாணவர் ஒருவர் இருந்தார். பத்து வயதில் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியிற் பாடி ஊராரின் பாராட்டைப் பெற்றவர். பின்னர்த் தொடர் ஒன்றிலும் சிறுவனாக நடித்தவர். விடுதியில் அவரைக் கண்டு நம் விருப்பத்தைத் தெரிவித்தோம். “நான் இப்பொழுது பாடுவதில்லை, அண்ணா. வேண்டுமானால் திரை இழுக்கிறேன்” என்று கூறிவிட்டு, கையிலிருந்த வாளியுடன் குழாயடிக்குச் சென்றுவிட்டார்.

அவர் பேசிய குரலே காரணத்தைச் சொல்லிற்று. இரண்டு சொற்கள் தாழ்ந்தும் மூன்றாவது சொல் கீச்சிட்டும் வந்தன. நாம் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

அன்று மாலை உடை, ஒப்பனை முதலியவற்றைப் பற்றிய செய்தி திரட்டுவதற்காக நூல்நிலையம் சென்று, ஔவை தி. க. சண்முகம் எழுதி 1972-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலை எடுத்தோம். கிரீடத்தின் அமைப்பையும் திரையின் நிறத்தையும் அறியப் புகுந்த நாம், அவற்றை மறந்து ஒரு சிறுவனின் பின்னே சென்றுவிட்டோம்.

சண்முகம் 1912-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திற் பிறந்தவர். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடம் தாங்கிப் பெயர் பெற்ற நடிகர். வயது வந்த நடிகரின் ஒழுங்கின்மையாற் சலித்திருந்த சங்கரதாஸ் சுவாமிகள், சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தத் துணிந்து, 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் தமையன்மார் சங்கரன், முத்துசாமி ஆகியோருடன் சண்முகமும் சேர்ந்தார். வயது ஆறு. நம் காலத்துச் சிறுவன் முதல் வகுப்பில் ஆனா ஆவன்னா எழுதும் வயது அது.

பாலர் சபையிற் சேர்ந்த பிள்ளைக்கு வீடு, பள்ளி, தொழிற்சாலை மூன்றும் சபையேயாம். உண்பதும் உறங்குவதும் அங்கே. பாடமும் பாட்டும் வாத்தியாரின் பிரம்பும் அங்கே. இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் கிழக்கு வெளுக்கும் வரையிற் செல்வதும் உண்டு. கீற்றுக் கொட்டகை, ஒலிபெருக்கி கிடையாது. பக்கத்தில் ஆர்மோனியம் முழங்க, மேடையினின்று எழும் பாட்டு, தரை டிக்கட்டில் கடைசியில் அமர்ந்து சுண்டல் தின்பவன் காதிலும் விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் அவன் வாளாவிருக்கமாட்டான். ஆதலின் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டையில் தங்குதடையின்றிப் பாடும் பிள்ளைக் குரலே சபைக்கு மூலதனமாயிற்று. அக்காலத்து மேடையில் நடிப்பைவிடப் பாட்டே முந்தி நின்றது. பாட வராதவனுக்கு முக்கிய வேடம் கிடைப்பது அரிது.

சண்முகத்திற்கு அக்குரல் இருந்தது. அவர் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே சுவாமிகள் ஓரிரவில் அமர்ந்து, வசனமும் பாடல்களுமாக நான்கு மணி நேரம் நடிக்கத்தக்க நாடகத்தை முழுவதும் எழுதி முடித்தார் என்பது தமிழ் நாடக வரலாற்றிற் புகழ்பெற்ற செய்தி. விளக்கடியில் முதியவர் எழுதிக்கொண்டிருக்க, எவனுக்காக அது எழுதப்படுகிறதோ அச்சிறுவன் உறங்கிக்கொண்டிருப்பதை நாம் மனத்திற் கண்டோம். பின்னர் அதே சுவாமிகள் பக்கவாதத்தாற் பேச்சிழந்து, 1922-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் புதுச்சேரியிற் காலமானார். எத்தனையோ பிள்ளைகளின் வாயிற் பாட்டை ஊட்டியவருக்கு அந்த முடிவு நேர்ந்ததைப் படித்தபோது நூலைச் சற்றே மூடி வைக்க வேண்டியதாயிற்று.

இனி மகரக்கட்டு. சிறுவனுடைய குரல் உடைந்து ஆண்குரலாக மாறும் பருவத்திற்கு நாடகத்தார் வழங்கிய பெயர் அது. பன்னிரண்டு முதற் பதினைந்து வயதுக்குள் குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன; சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. இது நோயன்று, வளர்ச்சியே. ஆயினும் பாலர் சபையிற் பிழைக்கும் பிள்ளைக்கு வளர்ச்சியே வேலையைப் பறிப்பதாயிற்று. நேற்றுவரை ராஜபார்ட்டாக நின்றவன் இன்று சேவகனாக ஈட்டி பிடிப்பான்; அல்லது ஊருக்குத் திரும்புவான். மேனாட்டிலும் இவ்வாறே. இசைப் பேரறிஞர் ஹைடன் சிறுவனாய் வியன்னா நகரத்துப் புனித ஸ்தேவான் பேராலயப் பாடற்குழுவிற் பாடி வந்தார். குரல் உடைந்தபின் 1749-ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்டார்.

ஹைடனை நாம் இங்கே இழுத்து வந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்றுண்டு. நாமும் பள்ளிப் பருவத்தில் ஆலயப் பாடற்குழுவில் மேற்குரல் பாடியவரே. பதின்மூன்றாம் வயதில், கிறிஸ்து பிறப்புத் திருநாள் ஆராதனையில், முதற் கவியைத் தனியே பாடும்படி நியமிக்கப்பட்டோம். புதுச்சட்டை, கையில் மெழுகுவர்த்தி, முன்வரிசையில் அம்மா. மூன்றாம் அடியில் உச்சத்தைத் தொட வேண்டிய இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்து, ஆட்டுக்குட்டி கத்தியது போன்ற ஓர் ஒலி எழுந்தது. சிறுபிள்ளைகள் சிரித்தனர். பெரியோர் சிரியாதிருக்க முயன்றமை அதனினும் கொடிது. அடுத்த ஞாயிறு முதல் நமக்குப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைக்கும் ஊழியம் தரப்பட்டது. தந்தவர் அன்பாகவே தந்தார். ஆயினும் அவ்வாண்டு முழுதும் நாம் வீட்டிற் குளிக்கும்போதும் வாய் திறந்து பாடவில்லை. நமக்கு நட்டம் ஓர் அங்கியும் சிறிது புகழுமே, சோறன்று. சபைப் பிள்ளைக்குச் சோறே அதுதான்.

சண்முகமும் அவர் சகோதரர்களும் 1925-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் திருவனந்தபுரத்தில் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைச் சொந்தமாகத் தொடங்கினர். அப்பொழுது அவருக்குப் பதின்மூன்று வயது நிரம்பவில்லை. குரல் மாறும் பருவத்தின் வாயிலில் நிற்கும் பிள்ளையின் பெயரிலேயே ஒரு சபை! அவர் பின்னாளில் உயர்ந்தமைக்கு உழைப்பையும் ஒழுக்கத்தையும் காரணமாகக் கூறுவர். அது மெய்யே. எனினும், வேடத்தைப் பறித்து வீட்டுக்கனுப்பும் அந்நிய முதலாளி அவருக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நேர்மை. சபை அண்ணன் தம்பியருடையது. வேறு சபைகளிற் குரலிழந்து பெயரின்றிப் போன பிள்ளைகள் எத்தனை பேரோ. அவர்கள் நூல் எழுதவில்லை.

காலமும் அவருக்குத் துணை செய்தது. பாட்டின் ஆதிக்கம் தளர்ந்து, வசனமும் சமூகக் கதைகளும் மேடைக்கு வந்தன. சகோதரர்கள் மேடையில் நடித்த ‘மேனகா’ 1935-ஆம் ஆண்டில் அவர்களையே கொண்டு திரைப்படமாயிற்று. ‘ஔவையார்’ நாடகம் 1942-ஆம் ஆண்டில் அரங்கேறியபோது, முப்பது வயதுச் சண்முகம் கூன் விழுந்த கிழவியாய், தளர்ந்த குரலிற் பேசியும் பாடியும் நடித்தார். சென்னையில் ஔவை சண்முகம் சாலை என்று அப்பெயர் இன்றும் வழங்குகிறது. இளங்குரலுக்கென ஓர் இரவில் நாடகம் எழுதப்பெற்றவர் முதுமைக் குரலால் நிலைத்த பெயர் பெற்றார். செங்கோட்டைக் கிட்டப்பாவின் கதை வேறு. அவருக்கு வளர்ந்த பின்னும் எட்டாத உச்சம் இல்லை. 1933-ஆம் ஆண்டு டிசம்பரில், இருபத்தேழாம் வயதிலேயே மறைந்தார். அவர் குரல் முதிர்ந்திருந்தால் எங்ஙனம் ஒலித்திருக்கும் என்பதை இசைத்தட்டுக்கள் சொல்லமாட்டா.

நூலை மறுநாள் அம்முதலாண்டு மாணவரிடம் கொடுத்தோம். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. ஆட்டுக்குட்டிக் கதையை மட்டும் சொன்னோம். அவர் வெகுநேரம் சிரித்தார். பின்பு, தம் பழைய பாட்டை இன்னும் பலர் கைப்பேசியிற் போட்டுக் காட்டி, “இது நீதானா?” என்று கேட்பதாகவும், “இல்லை” என்று சொல்லிவிடத் தோன்றுவதாகவும் மெல்லக் கூறினார். இக்காலத்துப் பிள்ளைக்கு இஃது ஒரு புதிய தொல்லை. சபைப் பையனின் குரல் காற்றோடு போயிற்று. இவர் குரலோ பத்து வயதிலேயே நின்று, இவரைத் துரத்திக்கொண்டிருக்கிறது.

பத்து நாள் கழித்து அவர் ஒத்திகைக்கு வந்தார், திரை இழுக்கத்தான். நமக்கு ஆர்மோனியம் வாசிக்க இசைந்திருந்தவர், ஸ்பெஷல் நாடக மேடைகளிற் பழகிய முதியவர். அபிமன்யுவின் முதற் பாட்டு வந்தது. பாட ஆளில்லாமல் நாம் வசனம் போலப் படித்தோம். பெரியவர் துருத்தியை நிறுத்தி, திரைக்கயிற்றருகில் வாயசைத்துக்கொண்டிருந்தவரை நோக்கினார்.

“தம்பிக்கு எத்தனை கட்டை?”

“முன்பு ஐந்தரை, ஐயா.”

“முன்பு எதற்கு? இன்றைக்கு எத்தனை?”

அவர் நம்மைப் பார்த்தார். நாம் பிரதியைப் பார்த்துக்கொண்டோம். பெரியவர் இரண்டு கட்டையைப் பிடித்தார். பாட்டு எழுந்தது, மேலே போகையில் உடைந்தது. எவரும் சிரிக்கவில்லை, கடோற்கசன் மட்டும் இருமினான். பெரியவர் ஒன்றும் பேசாமல் அரைக் கட்டை இறக்கி மீண்டும் தொடங்கினார். இம்முறை கரகரப்புடன், ஆனால் உடையாமல், அடி முடிந்தது.

பிரதியின் ஓரத்தில் ‘அபிமன்யு, ஒன்றரைக் கட்டை’ என்று பென்சிலால் எழுதிக்கொண்டோம். திரை இழுக்க வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.